‘கிளியர்’ சொன்னது யார்

பாலகாட், கோலார் தங்க வயல்
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய தாரா அவர்களுக்கு,

எட்மண்ட் எழுதுகிறேன். விசாரணை முடியும்வரை நீங்கள், நான், அனில் கேப்டன் மூவரும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது, போன் கூடாது, வாட்ஸப் கூடாது என்று ராஜப்பா சார் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தபால் கூடாது என்று அந்தத் தாளில் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நாட்டில் இன்னும் தபால் ஆபீஸ் இருப்பது பாதுகாப்பு அதிகாரிக்கு மறந்துபோயிருக்கிறது.

முதலில் ஊர் நிலவரம். எனக்கு வேலை போய்விட்டது என்பது பக்கத்து வீட்டு நேசமணிக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது. தினமும் காலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் அவர். பங்காருபேட்டை வருவதற்குள் ஒரு பெட்டிக்குச் செய்தி வாசித்து முடித்துவிடுவார். முதல் வாரம் நான் ஹெலிகாப்டர் கதவிலிருந்து விழுந்தேன். இரண்டாவது வாரம் குடித்துவிட்டு விழுந்தேன். இப்போது ஹெலிகாப்டரே விழுந்துவிட்டதாகவும் நான் மட்டும் தப்பியதாகவும் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் “இன்னா எட்மண்டு, எப்போ திரும்பப் போறே?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்து அமுக்கினார். துக்க வீட்டில் பிடிப்பார்களே, அந்தப் பிடி.

என் மனைவி வின்னி ஒன்றுமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் பயம்.

விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். ஜனவரி பதினெட்டு. மின்கோபுரம் கட்டும் மலை உச்சி. அனில் கேப்டன் வலது சீட்டில் ஓட்டுகிறார். நீங்கள் இடது சீட்டில். நான் பின்னால் கதவைத் திறந்து, பெல்ட் மாட்டிக் குப்புறப் படுத்து, வாலைப் பார்க்கிறேன். ஓட்டுகிறவருக்கு வால் தெரியாது. என் வாய்தான் அவருக்கு முதுகிலிருக்கும் கண். நான் பேசிக்கொண்டே இருக்கும்வரை அவர் நகரலாம். என் பேச்சு நின்றால் அவர் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நான் ‘கிளியர்’ என்றால்தான் கீழே இறங்கலாம்.

“இடப்பக்கம் கிளியர்” என்றேன். பிறகு “பின்னால் ஐந்து, நாலு, மூன்று” என்றேன். புழுதிக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றதுபோல் தெரிந்ததால் பேச்சை நிறுத்தினேன். மூன்று வினாடி. உள்ளுக்குள் பிரார்த்தனை செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அனில் கேப்டன் இறக்கிவிட்டார். காற்றின் திசை பார்க்கத் துணிப்பை கட்டி நட்டிருந்த கம்பத்தில் வால் முட்டி வளைந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

‘கிளியர்’ என்று காதில் கேட்டுத்தான் இறக்கினேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கதவோரக் காற்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் அதைச் சொல்வது என் வேலை. ஆகவே நான்தான் சொல்லியிருப்பேன் என்று ராஜப்பா சார் நினைக்கிறார். அது நிலைத்தால் ஐம்பத்திரண்டு வயதில் கதவோர வேலை முடிந்தது. வேறு வேலைக்கும் வழியில்லை. போனில் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடாத பேங்க்காரன் கிடையாது. இந்தக் கீச்சுக் குரலுக்கு மரியாதை கொடுத்த ஒரே இடம் அந்த ஹெட்செட்தான்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது குரல் பதியும் பெட்டி. கடைசி இரண்டு மணி நேரப் பேச்சு மட்டும்தான் அதில் நிற்கும். அதனால் ஏதாவது நடந்தால் உடனே அதன் சுவிட்சை இழுத்து வைக்க வேண்டும். அது இடது சீட்டின் பொறுப்பு. நாங்கள் இருவரும் வாலைப் பார்க்க இறங்கியபோது உள்ளே இருந்தது நீங்கள் மட்டும். சுவிட்ச் இழுக்கப்படவில்லை. மறுநாள் மெக்கானிக்குகள் வந்து மூன்று மணி நேரம் மின்சாரம் போட்டுத் தட்டிப் பார்த்தார்கள். நம் பேச்சின்மேல் அவர்கள் பேச்சு பதிந்துவிட்டது.

ஏன் இழுக்கவில்லை? அனில் கேப்டன் சிபாரிசு எழுதினால்தான் உங்களுக்குக் கேப்டன் தேர்வு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
எட்மண்ட்


டேராடூன்
9 பிப்ரவரி

எட்மண்ட் அண்ணா,

மூன்று வருஷமாக “இன்னாம்மா தாரா” என்று கூப்பிட்டவர் ‘மதிப்பிற்குரிய’ என்று ஆரம்பித்ததுமே புரிந்துவிட்டது. கடைசியில் ‘சும்மா கேட்டேன்’ வேறு.

‘கிளியர்’ என்று எனக்கும் கேட்டது. நீங்கள் சொன்னதாகத்தான் நினைத்தேன், அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்த ஹெட்செட்டில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் இருக்கும். யார் குரல் என்று கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன். ஆனால் அந்தச் சமயத்தில் அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

சுவிட்சை மறந்துவிட்டேன். ராஜப்பா சாரிடமும் அதையே சொன்னேன். அதில் சிபாரிசும் இல்லை, சதியும் இல்லை.

இப்போது என் சந்தேகம். பிரார்த்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். இடது சீட்டில் நானும் இருந்தேன், எனக்கும் காது இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் நீங்கள் செய்தது எந்தச் சபையின் பிரார்த்தனை? அதை ஏன் உங்கள் கடிதத்தில் காணோம்?

இன்னொன்று. உங்கள் சர்ச் பத்திரிகையில் மாதாமாதம் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறீர்கள். போன வருஷம் என் முதல் மலை இறக்கத்தை ‘ஆகாயத்திலிருந்து அம்மிக்கல்’ என்று எழுதினீர்கள், அதைப் பங்காருபேட்டையில் என் அம்மாவிடமே ஒருவர் படித்துக் காட்டினார். இந்தக் கடிதமும் அந்தப் பக்கத்துக்குப் போகுமோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன்.

மார்ச் இருபது எனக்குக் கேப்டன் தேர்வு. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

தாரா


பாலகாட்
15 பிப்ரவரி

அன்புள்ள தாரா,

எழுத வேண்டாம் என்று நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதாமலிருப்பது மரியாதையில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தத் தலைப்பு ‘அம்மிக்கல்’ அல்ல, ‘ஆட்டுக்கல்’. உங்களிடம் தவறான தகவல் இருக்கிறது.

மறந்துவிட்டீர்களா? நீங்களா? மேகி பாக்கெட்டின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் “ஆச்சு” சொல்லி நூடுல்ஸ் வேகவைக்கிற ஆள் நீங்கள். என் பெல்ட் கொக்கியை நான் மாட்டினேனா என்று தினமும் இரண்டு தடவை கேட்கிறவர். மூன்று வருஷத்தில் ஒரு சுவிட்சை நீங்கள் மறந்து நான் பார்த்ததில்லை. மறந்தவர் வேறு யாராவது என்றால் நம்புவேன். நான் என்றால் உடனே நம்புவேன்.

இங்கே படுத்து யோசித்துப் பார்க்கிறேன். அனில் கேப்டன் அவசரப்பட்டு இறக்கிவிட்டார், தப்பிக்க ஒரு ‘கிளியர்’ தேவைப்பட்டது. உங்களுக்குத் தேர்வு தேவை. எனக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை. இப்படிக் கணக்குப் போட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நான் போட்ட கணக்கு எதுவும் இதுவரை பொருந்தியதில்லை.

பிரார்த்தனை பற்றிக் கேட்டீர்கள். தொண்டையைக் கனைத்தேன். புழுதி. அவ்வளவுதான்.

நேற்று வின்னி வாய் திறந்தாள். “நீ சொன்னியா, சொல்லலியா?” என்றாள். சொல்லவில்லை என்றேன். “அப்போ ஏன் தூக்கத்துல கிளியர் கிளியர்னு பேத்துறே?” என்றாள். தாரா, நான் உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

எட்மண்ட்


டேராடூன்
20 பிப்ரவரி

அண்ணா,

தொண்டையைக் கனைத்தீர்களா? யாருடைய தொண்டையை?

நானே எழுதிவிடுகிறேன். “இடப்பக்கம் கிளியர்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு முன்னால், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர்போல மூன்று தடவை கனைத்து, “பாருங்க, பாதுகாப்புங்கறது ஒரு கலாசாரம்” என்றீர்கள். ராஜப்பா சாரின் கனைப்பு, ராஜப்பா சாரின் குரல், ராஜப்பா சாரின் வாக்கியம். இறங்கும் நேரத்தில் வேலைக்கு வேண்டாத ஒரு சொல்லும் பேசக்கூடாது. அரட்டைக்காகப் போன வருஷமே உங்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்னொரு தடவை என்றால் வீட்டுக்கு அனுப்புவேன் என்று அவரே சொன்னார்.

சுவிட்சை இழுத்திருந்தால் அந்தப் பெட்டியை ராஜப்பா சார்தான் உட்கார்ந்து கேட்டிருப்பார். தன் கனைப்பைத் தானே கேட்டிருப்பார்.

நீங்கள் இருவரும் இறங்கிப் போனதும் சுவிட்சில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். மறக்கவில்லை. உங்களுக்காகத்தான் இழுக்கவில்லை. வின்னி அண்ணி முகம் ஞாபகம் வந்தது.

அதற்குக் கைம்மாறாகத்தான் சிபாரிசு, சதி என்று இரண்டு கடிதம் வந்திருக்கிறது.

தாரா

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.


பாலகாட்
24 பிப்ரவரி

தாராம்மா,

கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். வின்னி கண்டுபிடித்தால் நாம் இருவரும் காலி.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். கனைத்தேன். மூன்று வருஷமாக முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிற உன்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சிரித்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்ததை எழுதினால் கோபப்படுவாய். படு. சனிக்கிழமை பங்காருபேட்டைக்குப் போனேன். உன் அப்பாவைப் பார்க்க.

வேவு பார்க்கத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். அனில் கேப்டனைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். கையில் ஒரு பாக்கெட் மிக்ஸர், முகத்தில் தெரியாத்தனமாக இந்தப் பக்கம் வந்த பாவனை. புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டார் சித்தார்த்தன் சார். உன் அம்மா செல்வி சமையலறையிலிருந்து “தண்ணி வெச்சிருக்கேன்” என்றார். “தண்ணி வெச்சிருக்கே” என்றார் இவர். “மிக்ஸரைத் தட்டுல போடு.” “தட்டுல போடறேன்.” நான் வெளியே வெயில் அதிகம் என்றேன். “வெயிலு அதிகம்” என்றார். ரயில் கூட்டம் என்றேன். “கூட்டம்” என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். நானும் கிண்டல்காரன்தானே, எனக்கு எல்லோரும் அப்படித்தான் தெரிவார்கள்.

அவருக்கும் புரிந்துவிட்டது. சிரித்தார். “சுரங்க வாசல்ல மணி அடிக்கிற பேங்க்ஸ்மேன் புத்தி எட்மண்டு, போவ மாட்டேங்குது. கீழ லெவல்லேர்ந்து எத்தினி மணி வருதோ, அத்தினி மணி நான் திருப்பி அடிச்சாத்தான் மேல என்ஜின் டிரைவர் ஆளு நிக்கிற கேஜைத் தூக்குவான். நான் சும்மா இருந்தா ஆளு கீழயே கெடப்பான். இருபத்தாறு வருசம் இதே வேலை” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். “தாராவும் இப்டித்தான். சின்னதுலேர்ந்து. எது சொன்னாலும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும். ஸ்கூல்ல டீச்சரே அடிச்சிருக்காங்க” என்றார்.

கையிலிருந்த மிக்ஸரைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

தாரா, நான் கதவிலிருந்து ஒவ்வொன்று சொல்லும்போதும் என் குரலுக்கு அடியிலேயே ஒரு குரல் வரும். மூன்று வருஷமாகக் காதில் விழுந்திருக்கிறது. இன்டர்காமில் எதிரொலி என்று நினைத்து மெக்கானிக்கிடம் இரண்டு தடவை புகார்கூடச் செய்தேன். அவன் வயரை மாற்றிவிட்டுப் போனான். அது நீ. கதவுக்காரன் சொன்னால் ஓட்டுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும், மூன்றாமவர் வாயை மூட வேண்டும் என்பது விதி. ஆனால் நீ என்னோடு ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் ஒரே மூச்சில்தான். அன்றைக்குத் தவிர.

அன்றைக்கு நடுவில் நான் கனைத்தேன். நீ சிரித்தாயா? சொல். சிரிப்பை அடக்கி முடித்ததும், பாக்கியிருந்த அந்த “கிளியர்” உன் வாயிலிருந்து வந்ததா? அது என் மூன்று வினாடி மௌனத்துக்குள் விழுந்ததா? உன் குரலை அனில் கேப்டன் என் குரல் என்று எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை, நான்தான் ‘மேடம்’ ஆயிற்றே.

எட்மண்ட்


டேராடூன்
1 மார்ச்

எட்மண்ட் அண்ணாவுக்கு,

என் வீட்டுக்குப் போய் என் அப்பாவின் வாயைப் பிடுங்கியிருக்கிறீர்கள். அப்பா போன் செய்து, எட்மண்ட் நல்ல மனுஷன், மிக்ஸர் வாங்கி வந்தார் என்று சந்தோஷப்பட்டார். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அரிசி டப்பாவில் வேறு பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்.

இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். மூன்றாம் நாள் பயிற்சி இயந்திரத்தில் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் பக்கத்தில். அவர் “எரிபொருள் சரி” என்றார். “சரி” என்றேன். “வலப்பக்கம் பார்த்தாயிற்று” என்றார். “பார்த்தாயிற்று” என்றேன். என் வாயை நானே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

சிரித்தேன் அண்ணா. அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு கணக்குப் போடுவீர்கள்.

தாரா


பாலகாட்
1 மார்ச்

தாராம்மா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. வந்தால் மனசு மாறிவிடும்.

இன்று ராஜப்பா சாருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இறங்கும் நேரத்தில் அவரைப்போலப் பேசினேன், அதனால் எல்லோர் கவனமும் கலைந்தது, என் பேச்சு நின்றபோது “நில்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்று. ‘கிளியர்’ யார் சொன்னார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உன் பெயரே இல்லை. அந்த வார்த்தையை எந்த வாய் சொன்னாலும் அதைப் பிந்தவைத்தது என் கனைப்புதான்.

தபால் பெட்டியில் போடும்போது நேசமணி பார்த்துவிட்டார். “ராஜினாமாவா எட்மண்டு?” என்றார். இல்லை என்றேன். நாளைக் காலை ரயிலில் ராஜினாமா என்றே போகும்.

வின்னியிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்தக் கனைப்பை ஒரு தடவை செய்” என்றாள். செய்தேன். சிரிக்கவில்லை. “இதுக்கா?” என்றாள்.

எட்மண்ட்


பாலகாட்
28 மார்ச்

தாராம்மா,

பேசக்கூடாது என்ற தடை நேற்றோடு போய்விட்டது. போனில் கேட்க வேண்டியதை எழுதிக் கேட்கிறேன், காரணம் கடைசியில் தெரியும்.

நான் என் கடிதத்தைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள் நீயே நேரில் போய் “அது என் குரல்” என்று சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு வீடியோ காலில் நடந்த விசாரணையில்தான் தெரியும். நீ போன அன்று காலைதான் என் கடிதமும் ராஜப்பா சார் மேஜைக்குப் போயிருந்ததாம்.

அந்தச் சந்தர்ப்பத்தை என்னால் மறக்க முடியாது. ராஜப்பா சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் செய்ததைச் செய்து காட்டுங்கள் என்றார். முப்பது வருஷத்தில் இவ்வளவு மோசமாக நான் எதையும் நடித்ததில்லை. அவர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. பிறகு தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தவர் மூன்று தடவை கனைத்தார். அப்போது அனில் கேப்டன் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்கு இரண்டு வாரம் மறுபயிற்சி, கடைசி எச்சரிக்கை. அனில் கேப்டனுக்கும் கண்டிப்பு: கதவுக்காரன் பேச்சு நின்றபோது அவர் நின்று கேட்டிருக்க வேண்டும். உனக்குத் தேர்வு ஆறு மாசம் தள்ளிப்போனது. அதற்கு நான் என்ன எழுதினாலும் சரியாக வராது, அதனால் எழுதவில்லை.

இனி இறங்கும்போது, சொல்கிறவர் தன் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டுமாம்: “கதவு, கிளியர்” என்று. ஏப்ரல் பதினான்கு முதல் நான் கதவு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சுவிட்ச் விஷயத்தில் மட்டும் நீ அவரிடம் “மறந்துவிட்டேன்” என்றே விட்டுவிட்டாய். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்று அந்தச் சுவிட்சிலிருந்து கையை எடுத்தபோது, அந்தக் குரல் உன்னுடையதாக இருக்குமோ என்று உனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லையா? எனக்காகத்தான் விட்டாயா? போனில் கேட்டால் என் கேள்வியின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எட்மண்ட்


டேராடூன்
3 ஏப்ரல்

எட்மண்ட் அண்ணா,

உங்களுக்காகத்தான்.

திருப்பிச் சொல்கிறேன்: உங்களுக்காகத்தான்.

இரண்டில் எது நான் சொன்னது, எது எதிரொலி என்று இனி நீங்கள் படுத்து யோசியுங்கள். பதினான்காம் தேதி வரும்போது அந்த அரிசி டப்பாக் கடிதத்தை எடுத்து வாருங்கள். உங்கள் எதிரிலேயே நான் கிழிக்க வேண்டும்.

தாரா